நிற்கிற வண்டிக்கு நாலு ப்ளக்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். போவதற்குத்தான் நாளாகும். பெண் பார்க்க வந்தவர்களிடமே உம்மா இதைச் சொல்லிவிட்டாள், பின்னால் யாரும் ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டதாகப் பேசக்கூடாது என்று. அப்படியும் என்னைக் கட்டிக்கொண்ட மனிதர் கல்யாணமான ஐந்தாம் மாதம் துபாய்க்கு விமானம் ஏறினார். என் வாய்க்குப் பயந்துதான் ஓடிவிட்டார் என்று தெருவில் கேலி செய்தார்கள். அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான் இருந்தார்கள். அப்படியானால் பாதித் தெருவும் வாயாடிகள்தானா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எங்கள் ஊர் மண்டபத்துக்கு மேற்கே, கடலிலிருந்து அரை மைல். எங்கள் குடும்பங்களில் கல்யாணத்தின்போது வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். அதனால் வீடு என்னுடையது. கூட இருந்த உம்மா மூன்றாம் வருஷம் மவுத்தாகி அடக்கமானாள். பிள்ளை இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வந்து, அதிலும் பாதி நாளை ஊர் விருந்துக்குக் கொடுத்துவிடுகிற மனிதரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான சமையல். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும்.

அவர் அங்கே ஒரு பட்டறையில் கார் மெக்கானிக். இரண்டாவது லீவில் வந்தபோது இராமநாதபுரத்தில் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அப்போது பாம்பனில் ரோட்டுப் பாலத்துக்குத் தூண்கள் மட்டும் கடலில் நின்றுகொண்டிருந்தன. தீவுக்குப் போக ரயிலை விட்டால் தோணிதான்.

"பாலம் தெறக்குற அன்னைக்கு நான் இங்கன இருப்பேன் புள்ள," என்றார். "ராமேஸ்வரத்துக்கு வர்ற சனம் ரயிலுக்குக் காத்துக் கெடக்க வேணாம். நம்ம வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் எறக்கி விட்டுட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்து சோறு திம்பேன். அதுவரைக்கும் இத நீ உசுரோட வச்சிரு, போதும்."

வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு வண்டியை விட்டோம். புறப்படும் முன் எனக்குப் பாடம் நடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கிளப்பிப் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும். கொட்டகைக்கு ஓலை மாற்றும்போது வண்டியை வெளியே எடுத்து உள்ளே விட வேண்டுமே என்று கிளட்ச், பிரேக், முதல் கியர், ரிவர்ஸ் நான்கையும் சொல்லிக்கொடுத்தார். கொட்டகையிலிருந்து கிணற்றடி முப்பது அடி. அதற்கு மேல் எனக்குக் கியர் எதற்கு?

ப்ளக்கைக் கழற்றி மாட்டவும் காட்டினார். எஞ்சினில் நாலு ப்ளக். நாலும் முறை வைத்துப் பொறி விட்டால்தான் உள்ளே பெட்ரோல் எரியும். ஒன்று மக்கர் செய்தால் வண்டி மூன்று காலில் நொண்டும். ப்ளக்கின் நுனிக்கும் அதன் மேல் வளைந்து நிற்கிற சின்னக் கம்பிக்கும் நடுவில் இரும்பு அறுக்கிற ஒரு ஆக்ஸா பிளேடு நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. ப்ளக்கில் மாட்டுகிற நாலு வயரும் ஒன்றுக்கொன்று மாறிவிடக் கூடாது என்று நான் அவற்றில் நாலு நிறத் துணி கட்டிவைத்தேன். தையல் மெஷினுக்குக் கீழே வெட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. அவர் அதைப் பார்த்துச் சிரித்து, துபாயில்கூட எவனுக்கும் இந்த யோசனை வரவில்லை என்றார்.

எனக்கு அந்த வண்டி ஒரு வண்டியே அல்ல. அது கிளம்புகிறவரை அவர் திரும்பி வந்துவிடுவார் என்று நான் எடுத்துக்கொண்டேன். முட்டாள்தனம்தான். ஆனால் வேறு எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது?

அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் கடிதம் குறைந்து கேசட் வந்துவிட்டது. அங்கிருந்து யாராவது ஊருக்கு வந்தால் சோப்பு, சென்ட், டார்ச் லைட்டோடு பேசி அனுப்பிய கேசட்டும் வரும். கேட்டுவிட்டு அதிலேயே பதில் பேசி, போகிறவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். மற்ற பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவான குரலில் பேசுவார்கள். நான் டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய், வண்டியின் மட்கார்டில் வைத்து, எஞ்சினைக் கிளப்பிப் பதிவு செய்வேன். அவர் கேட்டது அது. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

"மூணு ப்ளக்குதான் அடிக்குது. ஒவ்வொரு வயரா உருவு. உருவயில சத்தம் மாறுனா அது நல்ல ப்ளக்கு. எத உருவியும் மாறலையோ அதான் செத்தது. எதுன்னு வாயால சொல்லி ரெக்கார்டு பண்ணு."

அப்படியே செய்தேன். சிவப்பை உருவினேன், எஞ்சின் தடுமாறியது. மாட்டினேன். பச்சையை உருவும்போது விரல் வழுக்கி வயரின் நுனியில் பட்டது. தோள்வரைக்கும் ஓங்கி ஒரு அடி. நான் போட்ட கூச்சலும், அதற்குப் பிறகு அவரையும் அவர் பட்டறையையும் திட்டிய திட்டும் அப்படியே நாடாவில் ஏறிவிட்டன. அழிக்கத் தெரியாமல் அப்படியே அனுப்பினேன். அடுத்து வந்த கேசட்டில் ஸலாம் சொல்ல ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் சிரித்தார். மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பித்து, மறுபடி சிரித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேரும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன் என்று கணக்கில்லை. நாடா இழுத்துக்கொண்டு சிரிப்பு அழுகை மாதிரிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் விட்டேன்.

ப்ளக் எல்லாம் அவர்தான் அனுப்புவார். மடித்த கைலிக்குள் சுருட்டி, நாலு பெட்டி, வழவழப்பான அட்டையில். வெளிநாட்டுச் சாமான் என்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. நகவெட்டியே அங்கிருந்து வந்தால் நன்றாக வெட்டும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். வெளிநாட்டு ப்ளக் போட்ட வண்டி என்று அக்கா முறையான பக்கத்து வீட்டு லாத்தாவிடம் பெருமைகூட அடித்திருக்கிறேன். லாத்தாவுக்கு ப்ளக் என்றால் என்னவென்று தெரியாது. இருந்தாலும் மாஷா அல்லாஹ் என்றாள்.

புதிது போட்டால் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை நன்றாக ஓடும். நாலாம் வாரம் ஒன்று நொண்டும். ஐந்தாம் வாரம் இரண்டு. கழற்றிப் பார்த்தால் நுனியெல்லாம் அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. பெட்ரோலில் நனைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பிளேடு நுழைத்துப் பார்த்து மாட்டுவேன். மறுபடி இரண்டு வாரம். அவர் லீவில் வந்து நாற்பது நாள் ரோட்டில் ஓட்டும்போது மட்டும் ஒரு குறையும் இருக்காது. அவர் போன மாதம் பழையபடி நொண்டும். இந்த வண்டிக்கும் எனக்கும் ஒரே வியாதி என்று நினைத்துக்கொள்வேன். நினைக்க வேண்டிய வேறு விஷயத்தை அப்போது நான் நினைக்கவில்லை.

வண்டி வாங்கி ஏழு வருஷத்தில் பாலம் திறந்தது. ஊரே போய்ப் பார்த்தது. நானும் லாத்தாவோடு பஸ்ஸில் போனேன். பாலத்தின் நடுவில் இறங்கி, கீழே ரயில் போவதைக் குழந்தைகள் மாதிரி எட்டிப் பார்த்தோம். கார்கள் வரிசையாகத் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கண்ணைக் கரித்தது. காற்று என்று லாத்தாவிடம் சொன்னேன்.

அந்த மாதம் அவருடைய கேசட் வந்தது.

"பாலம் தெறந்தத எல்லாரும் சொன்னாக. ஆனா நீ அனுப்புன சத்தத்தக் கேட்டேன் புள்ள. எஞ்சின் தேஞ்சு போச்சு. இத வச்சு சவாரி ஓட்ட ஏலாது. நடுப் பாலத்துல நின்னு போச்சுன்னா வண்டியில இருக்குறவன் காறித் துப்புவான். இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வேற எஞ்சின் போட்டுருவோம். இன்ஷா அல்லாஹ் வாரேன்."

தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொன்னேன். எஞ்சினில் கோளாறு, சரியானதும் வந்துவிடுவார். சொல்லிச் சொல்லி எனக்கே மெக்கானிக் தோரணை வந்துவிட்டது. ராத்தா, லாத்தா, மாமி என்று எல்லா வீட்டிலும் எங்கள் எஞ்சினின் உடல்நலம் விசாரித்தார்கள். என் உடல்நலத்தை யாரும் விசாரித்ததாக ஞாபகம் இல்லை.

பிறகு ஒரு நாள் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல, ப்ளக் மேல். மூன்றாம் வாரமே நாலும் கறுத்துப்போய் வண்டி கிளம்பவே மாட்டேன் என்றது. ஒன்றைக் கழற்றிச் செய்தித்தாளில் சுருட்டி, துப்பட்டியைப் போட்டுக்கொண்டு இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் சாமான் கடை ஒன்று. கடைக்காரர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். கடையில் பெண்பிள்ளை ஏறியதே இல்லை போல, வழி கேட்க வந்தவள் என்று நினைத்தார். நான் தாளைப் பிரித்து ப்ளக்கை மேஜையில் வைத்தேன்.

"இது ஏன் இப்படிக் கறுக்குது?"

எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார். "வண்டி எப்படிம்மா ஓடுது? லோடா, சவாரியா?"

"ஓடாது. நிக்குது. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பத்து நிமிசம் கெளப்புவேன்."

"ரோட்டுக்கே எடுக்குறதில்லையா?"

"அவுக லீவுல வந்தா எடுப்பாக."

அவர் அலமாரியிலிருந்து வேறு ஒரு ப்ளக்கை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வாய் மேலே தெரிகிற மாதிரிப் பிடித்தார். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று. மரை ஒன்று, நீளம் ஒன்று. வாய்க்குள் இருக்கிற வெள்ளைப் பீங்கான் மட்டும் வேறு. அவருடையதில் நீளமாக நுனிவரை வந்திருந்தது. என்னுடையதில் குட்டையாக உள்ளுக்குள் ஒடுங்கியிருந்தது.

"ஒங்களது குளுந்த ப்ளக்கும்மா. மணிக்கணக்கா வேகமா ஓடுற வண்டிக்கு ஆக்குனது. சூட்ட ஒடனே வெளிய தள்ளிவிட்டுரும். இத நின்னுகிட்டு இருக்குற வண்டிக்குப் போட்டா சூடே ஏறாது. சூடு ஏறுனாத்தான் நுனியில படியிற கரிய அதுவே எரிச்சுத் தின்னும். இந்தா, இது சூட்டு ப்ளக்கு. ஒங்க வண்டிக்கு இதான்." ப்ளக்கை என் கையில் கொடுத்து, "இதப் போட்டாலும் நின்ன எடத்துல உறும விட்டா பத்தாது. வாரத்துக்கு நாலு மைலாச்சும் ஓட்டணும். ஓடாத வண்டிக்கு எந்த ப்ளக்குமே ஆகாது," என்றார்.

"அப்ப எஞ்சின் தேஞ்சு போகலையா?"

"தேஞ்ச எஞ்சின்னா ப்ளக்குல எண்ணெய் வடியும். பெசுபெசுன்னு இருக்கும். இது வறண்ட கரி. தொட்டுப் பாருங்க, மை மாதிரி உதிருது. எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. இத யாரு வாங்கிக் குடுத்தா?"

துபாயில் மெக்கானிக்காக இருக்கிறவர் அனுப்பினார் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. யாரோ, என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்தேன். அங்கே பாலைவன ரோட்டில் நாள் முழுக்கப் பறக்கிற வண்டிகளைப் பார்க்கிற மனிதர், அங்கே எது நல்ல ப்ளக்கோ அதை அனுப்பியிருக்கிறார். அன்பாகத்தான் அனுப்பியிருப்பார். ஆனால் அவர் ஓட்டும்போது நன்றாக ஓடுகிற வண்டி, நின்றால் மட்டும் நொண்டுகிறது என்றால் அது எஞ்சின் தேய்மானம் இல்லை என்று அவருக்குத் தெரியாமலா போயிருக்கும்? எனக்குத் தெரியாது, சரி. அவருக்கு? உச்சிப்புளி தாண்டும் வரை இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். பிறகு, தெரிந்திருக்காது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

நாலு சூட்டு ப்ளக்கையும் மாட்டினேன். ஓட்டுவதற்கு ஆள்? தெருப் பையன் எவனையாவது கூப்பிட்டால் மறுநாள் ஊர் வாய் என் பேரில் திறக்கும். நானே ஓட்டினாலும் திறக்கும். எங்கள் ஊரில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் கார் ஓட்டியதில்லை. இரண்டு மூன்று நாள் யோசித்து ஒரு நேரத்தைக் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ. ஊரில் ஒரு ஆண் மிச்சமில்லாமல் பள்ளிவாசலுக்குள் இருக்கிற நேரம். தெருவில் ஆடும் கோழியும்தான்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகைக்கு முந்தின பயான் பிரசங்கம் ஆரம்பித்ததும் வண்டியை எடுத்தேன். குள்ளமாக இருப்பதால் சீட்டை முன்னால் இழுத்து, ஒரு தலையணை போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கியரிலேயே தெருவைத் தாண்டினேன். இரண்டாவது கியர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடி, வண்டியைப் பல்லை நறநறவென்று கடிக்க வைத்து, எப்படியோ போட்டேன். உப்பளத்துப் பக்கம் போகிற ரோட்டில் இரண்டு மைல் போய், ஒரு பனைக்கூட்டத்தில் திருப்பி, இரண்டு மைல் வந்தேன். தொழுகையை முடிக்கிற ஸலாம் கொடுக்கும் முன் வண்டி கொட்டகைக்குள் நின்றது. கதவு இடுக்கில் நின்று பார்த்த பெண்கள் ஒருத்தியும் அவரவர் வீட்டு ஆண்களிடம் சொல்லவில்லை. அந்த உதவியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆறு வெள்ளிக்கிழமை ஓட்டிவிட்டு ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரி இல்லை. நுனி நான்கும் பிஸ்கட் நிறத்தில், ஒரே மாதிரி. கொட்டகையில் அவர் இல்லை என்பது மறந்து, பாருங்க மச்சான், என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அன்றே டேப்ரெக்கார்டரை மட்கார்டில் வைத்தேன். எஞ்சின் ஒரு தட்டுத் தடுமாற்றமில்லாமல் ஓடியது. ஐந்து நிமிஷம் அதை மட்டும் பதிவு செய்து, கடைசியில், "எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல மச்சான், ப்ளக்குதான் தப்பு. எல்லாம் சரியாப் போச்சு. நீங்க வந்துருங்க," என்றேன். ஓட்டியதைச் சொல்லவில்லை. நேரில் வந்ததும் ஓட்டிக் காட்டி அசத்தலாம் என்று ஆசை.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. ஸலாமுக்குப் பிறகு வழக்கமான சுகம் விசாரிப்பு இல்லை.

"நின்ன எடத்துல கெளப்புன எஞ்சின் இப்படிச் சத்தம் குடுக்காது. இது ரோட்டுல ஓடுன வண்டி. யாரு ஓட்டுறா? எந்தப் பயல வீட்டுக்குள்ள விட்டுருக்க?"

அவ்வளவுதான். மீதி நாடா முழுக்க இரைச்சல். பின்னால் ஏதாவது இருக்கும், இருக்கும் என்று இரண்டு பக்கமும் முடிகிறவரை உட்கார்ந்து கேட்டேன். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்றாரா? எனக்கு வந்த கோபத்தில் பதில் போடவில்லை. போட்டிருக்கலாம். "நான்தான்" என்று ஒரு வார்த்தை பேசி அனுப்பியிருக்கலாம். என் கோபம் எனக்குச் செய்த கெடுதல்களில் அது பெரியது.

அடுத்த மாதம் அவரே வந்து இறங்கினார். லீவு நாள் இல்லை. எத்தனையோ வருஷம் வாங்க, வாங்க என்று கெஞ்சியதற்கு வராதவர், ஒரு சந்தேகத்துக்கு வந்துவிட்டார். கையில் பையோடு நேராகக் கொட்டகைக்குப் போய் வண்டிக் கதவைத் திறந்தார். முன்னால் இழுத்த சீட்டும் அதன் மேல் நான் பூப்போட்ட உறை தைத்த தலையணையும் கிடந்தன. தலையணையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான். ஜும்ஆ நேரத்துல. உப்பளம் வரைக்கும்."

"எப்பலருந்து?"

"ப்ளக்கு மாத்துனதுலருந்து. கெளப்பிப் பாருங்க மச்சான்."

உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். தொட்டதும் கிளம்பியது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் போய்ச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். கோபம் போனது. சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம் லீவு என்று நினைத்து வந்து திறந்திருப்பதைப் பார்க்கிற பிள்ளையின் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அணைத்துவிட்டு, "நல்லாத்தான் ஓடுது," என்றார்.

பன்னிரண்டு நாள் இருந்தார். விருந்துக்கு எங்கும் போகவில்லை, வண்டியையும் எடுக்கவில்லை. தினமும் அவருக்குப் பிடித்ததைச் சமைத்தேன். என் சுபாவத்துக்கு அந்தப் பன்னிரண்டு நாளும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது பெரிய காரியம். கடைசிக்கு முந்தின நாள் மட்டும் கேட்டேன்.

"வண்டி சரியாயிருச்சு. பாலமும் தெறந்தாச்சு. எனக்கு நீங்க இங்கன இருக்கணும் மச்சான். வேற ஒண்ணும் வேணாம்."

"பாப்போம்," என்றார். "இன்ஷா அல்லாஹ்."

போகிற அன்று காலையில் கொட்டகைப் பக்கம் ஸ்பேனர் சத்தம் கேட்டது. நான் அடுக்களையில் அவருக்குக் கட்டிக்கொடுக்கப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தேன். வண்டியில் கை வைக்கிறார் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! மனது மாறிவிட்டது, திரும்பி வந்து ஓட்டத்தான் பார்த்து வைக்கிறார் என்று எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று அழுதேன். மத்தியானம் மதுரைக்கு வேன் வந்தது, போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பயான் ஆரம்பித்ததும் தலையணையைப் போட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இழுப்பே இல்லாமல் உஸ் உஸ்ஸென்று காற்று விட்டுக்கொண்டு வெறுமனே சுற்றியது. இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். நாலு வயரும் நாலு நிறத் துணியோடு தொங்கின. ப்ளக் இருந்த இடத்தில் நாலு ஓட்டை.

முதலில் எனக்குப் புரிந்தது அவருடைய கோபம்தான். பெண்பிள்ளை ஓட்டக் கூடாது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு நிதானமாகப் பார்த்தேன். என்னை ஓட்டவிடக் கூடாது என்றால் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அது போதும். ஓட்டைகளை மூடவும் இல்லை. ஒரு துணி அடைக்கவில்லை, ஒரு தாள் சுருட்டி வைக்கவில்லை. கடலுக்கு அரை மைலில், உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே மூன்று மாதத்தில் தின்றுவிடுகிற ஊரில், எஞ்சினின் உள்வயிற்றைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தெரியாதவன் செய்தால் மறதி. அவர் தொழில் தெரிந்தவர். இந்த எஞ்சினை இனி ஒரு நாளாவது ஓட்டப்போகிறவர் அப்படி விட்டுப் போகமாட்டார்.

விரலை ஓட்டைக்குள் விட்டு விளிம்பைத் தடவினேன். விரலில் சிவப்பாகத் துரு ஒட்டியது. அந்த மட்கார்டில் சாய்ந்து நின்று, ஒலிபெருக்கியில் தொழுகை முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்புகிறவரை அழுதேன். பன்னிரண்டு நாளில் ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், பாத்திரத்தை எறிந்திருப்பேன், ஆனால் தாங்கியிருப்பேன். வாயால் சொல்ல அவருக்கு முடியவில்லை.

துணியைக் கிழித்து நாலு ஓட்டையையும் அடைத்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் இராமநாதபுரம் போனேன்.

"வாங்கிட்டுப் போயி ஆறு மாசங்கூட ஆகலையேம்மா?" என்றார் கடைக்காரர்.

"காணாமப் போச்சு."

என் முகத்தைப் பார்த்தார். நாலு பெட்டியை எடுத்து வைத்து, "ஓட்டை ரொம்ப நாள் தெறந்து கெடந்துச்சுன்னா ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் ஊத்தி, ப்ளக்கு மாட்டாம நாலு சுத்து சுத்த விடுங்க. அப்புறம் மாட்டுங்க," என்றார்.

அப்படியே செய்தேன். ஆயில் ஊற்றிச் சுற்ற விட்டேன். பிளேடு நுழைத்து இடைவெளி பார்த்தேன். விரலால் மரை பிடிக்கிறவரை திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. நாலைந்து தடவை இருமியது. பிறகு புகை அடங்கி, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. இறங்கி நின்று கேட்டேன். ஒரு குறை சொல்ல முடியாது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு லாத்தா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். அவளுக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

"வண்டி சரியாயிருச்சு போலயே! எஞ்சின் சரியானா வந்துருவாகன்னு சொல்லுவியே. அப்ப ஒன் மாப்பிள எப்ப வாராக?"

எஞ்சின் கெட்டுக்கிடந்தவரை எனக்கும் அது வசதியாகத்தான் இருந்திருக்கிறது. கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் இருந்தது. இப்போது என் கையாலேயே அதைச் சரிசெய்து வைத்திருந்தேன். லாத்தா சிரித்த முகத்தோடு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வர மாட்டாக லாத்தா," என்றேன்.